பாலைவன நகரமா, செஞ்சியா? ஒரு குளிர்கால வார இறுதியின் வரலாறு

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், புதிதாகக் கல்யாணம் ஆனவர்களிடம் "எங்கே போகப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் என்று பதில் வரும். இப்போது ஜெய்சால்மர், ஜோத்பூர், பிக்கானேர் என்கிறார்கள். மணல்மேடு, ஒட்டகம், கூடாரம், நெருப்பு மூட்டி ஆட்டம் பாட்டம். எங்கள் பக்கத்திலும் ஒரு அண்ணன், அண்ணி இதே யோசனையில் இருக்கிறார்கள். மூன்று நாள் லீவில் எந்தப் பாலைவன நகரத்துக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டார்கள். வரலாறு படிக்கிற பையனிடம் வழி கேட்டால் என்ன ஆகும்? கேள்வியின் வரலாற்றைத்தான் அவன் தேடுவான் :)

முதலில் ஒரு வேடிக்கை. நம் தமிழ் மரபில் பாலை என்பது எதற்கு உரிய நிலம்? பிரிவுக்கு! குறிஞ்சியில் கூடுவார்கள், முல்லையில் காத்திருப்பார்கள், பாலையில் பிரிவார்கள். பொருள் தேடப் போன தலைவனை நினைத்துத் தலைவி வருந்துவது பாலைத்திணை. ஆனால் உடன்போக்கும் அங்கேதான் வருகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். வீட்டுக்குச் சொல்லாமல் காதலனும் காதலியும் சேர்ந்து நடந்து போகும் வழி பாலை வழிதான். அதுமட்டுமா, தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் கொடுத்திருக்கிறது. மாசி, பங்குனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெய்சால்மரில் பாலைவனத் திருவிழா நடப்பது மாசிப் பௌர்ணமியை ஒட்டி. ஆக, ஜோடியாகப் பனிக்காலத்தில் பாலைக்குப் போவது நமக்குப் புதுசு இல்லை என்று வம்புக்காவது வாதாடலாம்.

ஆனால் உல்லாசத்துக்காகப் போவது புதுசுதான். அது நம் ஊர்ச் சரக்கே இல்லை. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் கோடையில் மலைக்கு ஓடினார்கள். அதைப் பார்த்து நாமும் ஓடினோம், காரணம் இருந்தது. அதே வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்து வெயிலைத் தேடிப் போன கதை வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா என்ற சோலை நகரம் ஐரோப்பியர்களின் குளிர்கால வாசஸ்தலம் ஆனது. ராபர்ட் ஹிச்சென்ஸ் 1904இல் 'அல்லாவின் தோட்டம்' என்று ஒரு நாவல் எழுத, பாலைவனம் என்றாலே காதல் என்ற எண்ணம் மேலும் பரவியது. எகிப்தின் அஸ்வானில் தாமஸ் குக் கம்பெனி 1899இல் ஓல்டு கேட்டராக்ட் ஹோட்டலைக் கட்டியது. பனியில் உறைந்த லண்டன்காரனுக்கு ஜனவரியில் வெயில் என்பது மருந்து. அதற்குக் காசு கொடுத்தான். நமக்கு எதற்கு? மார்கழியிலும் மதியம் மின்விசிறி போடுகிற ஊர் நம்முடையது. நாம் பாலைவனத்துக்குப் போவது வெயிலுக்காக இல்லை, ராத்திரிக் குளிருக்காக. ஜெய்சால்மரில் ஜனவரி இரவு பத்து டிகிரிக்கும் கீழே போகும். ஸ்வெட்டர் போட்டுப் போட்டோ எடுக்கலாம்!

சரி, ஜெய்சால்மருக்கு வருவோம். 1156இல் பாட்டி ராஜபுத்திரர்களின் ராவல் ஜைசல் கட்டிய கோட்டை. திரிகூட மலை என்கிறார்கள். மலை என்றால் நம் செஞ்சிக்காரர்கள் சிரிப்பார்கள், தரையிலிருந்து 76 மீட்டர்தான். மஞ்சள் மணற்கல்லில் 99 கொத்தளங்கள். இன்றும் சில ஆயிரம் பேர் உள்ளேயே குடியிருக்கிறார்கள். இந்தியாவில் இப்படி மக்கள் வாழும் கோட்டைகள் மிகக் குறைவு. சிந்து வழியாகப் பாரசீகம் வரை போன ஒட்டக வணிகத்தில் இந்த ஊர் கொழித்தது. பட்வா என்ற வணிகக் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய ஹவேலிகளைப் பார்த்தால் அந்தப் பணம் தெரியும். பிறகு பம்பாய்த் துறைமுகம் எழுந்தது, வணிகம் கடலுக்குப் போனது. 1947இல் எல்லை விழுந்தது, மிச்சமிருந்த பாதையும் அடைபட்டது. ஊர் காலியாகத் தொடங்கியது.

அதை மீட்டது சுற்றுலா என்று சொல்வார்கள். பாதி உண்மை. முதலில் வந்தது ராணுவம். 1965 போருக்குப் பிறகு சாலை, ரயில் எல்லாம் எல்லையை நோக்கி ஓடின. 1971 டிசம்பரில் லோங்கேவாலாச் சண்டை நடந்ததும் இதே மாவட்டத்தில்தான். டாங்கிகளுக்காகப் போட்ட வழியில் பின்னால் பயணிகள் வந்தார்கள். அவர்களை இழுத்தது ஒரு சினிமா. சத்யஜித் ராய் தான் எழுதிய 'சோனார் கெல்லா' நாவலை 1974இல் படமாக எடுத்தார். தங்கக் கோட்டை என்று பொருள். வங்காளத்துக் குடும்பங்கள் குளிர்கால லீவில் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின. 1979இல் பாலைவனத் திருவிழா, 1982இல் அரண்மனை ரயில். முப்பது வருடத்துக்குள் ஒரு எல்லையோர ராணுவ ஊர் தேனிலவு ஊர் ஆகிவிட்டது.

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. அந்தக் கோட்டையில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. 14ஆம் நூற்றாண்டில் வெட்டிய கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் குடம் சுமந்து மேலே கொண்டு வந்தார்கள். தலையில் சுமந்த தண்ணீரை யார் வீணாக்குவார்கள்? குளித்த தண்ணீர் மாட்டுக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்கு. தெருவோரத் திறந்த சாக்கடைகள் அந்தச் சிறு அளவுக்காகவே கட்டப்பட்டவை. பிறகு குழாய் வந்தது. வீடுகள் விருந்தினர் விடுதிகள் ஆயின. ஒவ்வொரு அறைக்கும் ஷவர், மேல்நாட்டுக் கழிப்பறை. தண்ணீர்ச் செலவு பல மடங்கு ஏறியது. அது எங்கே போகும்? கசிந்து கீழே இறங்கியது. மணற்கல்லுக்கு அடியில் இருப்பது களிமண் கலந்த மென்பாறை. நனைந்தால் ஊதும், வழுக்கும். 1998இல் வெளிச்சுவர் ஒன்று சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்த வருடங்களில் சில கொத்தளங்களும் விழுந்தன. அதற்கு முன்பே, 1996இல், உலக நினைவுச்சின்ன நிதியம் ஜெய்சால்மரை ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. 2013இல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

எண்ணூறு வருடம் எதிரிகளின் படைகளைத் தாங்கிய கோட்டையை, குளிக்க வந்தவர்கள் சாய்க்கிறார்கள். இதைப் படித்த பிறகு அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "போங்க, தாராளமா போங்க. ஆனா கோட்டைக்குள்ள ரூம் போடாதீங்க, வெளியே தங்குங்க." பாலைவன நகரத்தைத் தேர்ந்தெடுப்பதில் எந்த ஊர் என்பதைவிட ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி என்பது என் கட்சி.

அடுத்து அண்ணி ஒரு கேள்வி போட்டார். "ராஜபுத்திரன் கோட்டை இங்கேயே இருக்கே, அதுக்கு ஏன் ரெண்டு ராத்திரி ரயில்ல போகணும்?" சரியான அடி! செஞ்சியைச் சொல்கிறார்.

இதில் ஒரு சின்னத் திருத்தம் தேவை. தேசிங்கு ராஜனை ராஜஸ்தான்காரர் என்று பலர் நினைக்கிறோம். சினிமா உடுப்பின் வேலை அது. (1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' ஞாபகம் இருக்கும்.) அவர் பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திரர். புந்தேல்கண்ட் என்பது இன்றைய மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வறண்ட பாறை நிலம். மணல் பாலைவனம் இல்லை. பாறை, முள், ஏரி. சொல்லப்போனால் செஞ்சியைப் போலவே! வடக்கிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர் அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திருக்காது என்று தோன்றுகிறது.

அவர் வருவதற்கு முன்பே செஞ்சிக்கு வயதாகிவிட்டது. சுமார் 1200 வாக்கில் ஆனந்தக் கோன் என்பவர் முதலில் அரண் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. பிறகு விஜயநகரத்தின் நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள், மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதில். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி. அதன் உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பள்ளம், அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது, யாரும் ஏற முடியாது. 1649இல் பீஜப்பூர் கைக்குப் போனது, 1677இல் சிவாஜி பிடித்தார்.

செஞ்சியின் பெரிய நாடகங்கள் சில குளிர்காலத்தில் நடந்திருக்கின்றன, கவனித்திருக்கிறீர்களா? சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பி, மாறுவேடத்தில் தெற்கே வந்து செஞ்சியில் சேர்ந்தது 1689 நவம்பரில். மராட்டியத் தலைநகரமே இங்கே வந்துவிட்டது! ஔரங்கசீப் சும்மா இருப்பாரா? 1690இல் ஜுல்பிகார் கான் முற்றுகையைத் தொடங்கினார். 1692 டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முகலாயர் முகாமைச் சேறாக்கியது. தானியம் வரும் வழியை மராட்டியத் தளபதிகள் சாந்தாஜியும் தனாஜியும் வெட்டினார்கள். கூடவே வந்திருந்த ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் எதிரியோடு பேசுகிறார் என்று சந்தேகப்பட்டு, சொந்தப் படையே இளவரசரைக் காவலில் வைத்தது. கடைசியில் 1693 ஜனவரியில் வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். நமக்கு இனிக்கிற மார்கழி அவர்களுக்குப் பட்டினி மாதம். மறுபடி வந்து, ஒருவழியாக 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. எட்டு வருடம்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அவருடைய குடும்பத்தினர் சிலர் பிடிபட்டார்கள். தப்பியவரைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்ட பெண்களின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிடித்த கோட்டையைப் பார்த்துக்கொள்ள முகலாயர்கள் வைத்த ஆள்தான் புந்தேலா ஸ்வரூப் சிங். அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் புந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய கப்ப பாக்கியைக் கேட்டார். இளைஞர் மறுத்தார். 1714 அக்டோபர் 3, சில நூறு குதிரைவீரர்களோடு பல ஆயிரம் பேர் கொண்ட படைமேல் பாய்ந்தார். நண்பர் மகபத் கானும் இறந்தார், இவரும் இறந்தார். வயது 22. நம் வகுப்பில் பாதிப்பேரின் வயது!

தேசிங்கும் அவர் மனைவியும் சேர்ந்து வாழவே நேரம் வாய்க்காத புது ஜோடி என்று கதைப்பாடல் காட்டுகிறது. ராணி செட்டிகுளத்துக் கரையில் உடன்கட்டை ஏறினார். நவாப் அவர் நினைவாக அமைத்ததுதான் ராணிப்பேட்டை என்பது வழக்கு. செட்டிகுளத்துக் கரை மேடையைக் காட்டி இதைக் காதல் சின்னம்போலச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. இருபதைத் தாண்டியிருப்பாரா என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பெண், சொந்த ஊரிலிருந்து ஆயிரம் மைல் தள்ளி, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில் எரிந்து போனார். ஜோடியாகப் போகிறவர்கள் அங்கே கொஞ்சம் மௌனமாக நின்றால் போதும். செல்ஃபி வேண்டாமே.

அதன்பிறகு பிரெஞ்சுக்காரர்கள் (1750, புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார்), ஆங்கிலேயர்கள் (1761), நடுவில் ஹைதர் அலி (1780) என்று கை மாறியது. ஐரோப்பியர்களுக்குச் செஞ்சி காய்ச்சலுக்குப் பேர்போன இடம். இங்கே மாற்றல் என்றால் தண்டனை மாதிரி. உல்லாசத்துக்கு வந்தவர் யாருமில்லை! 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கோட்டைக்கு வேலையே இல்லாமல் போனது. ஜெய்சால்மருக்கு எல்லையும் ராணுவமும் கிடைத்தன, செஞ்சிக்கு அதுவும் இல்லை. வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் என்கிறார்கள். 1921இல் தொல்லியல் துறை கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது.

தண்ணீர் விஷயத்தில் செஞ்சி ஜெய்சால்மருக்கு நேர் எதிர். இங்கே தண்ணீரைச் சேர்த்து வைப்பதற்காகவே பாதிக் கோட்டை கட்டப்பட்டிருக்கிறது. செட்டிகுளம், சக்கரகுளம், ஆனைக்குளம் எல்லாம் மலையிலிருந்து வழியும் மழைநீருக்காக. ராஜகிரியின் மேலே வற்றாத சுனைகள் உண்டு. எட்டு வருட முற்றுகையைத் தாங்கியது மதில் மட்டும் இல்லை, இந்தச் சுனைகளும்தான். கல்யாண மகாலில் வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியாக மேல்மாடிகள் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. மோட்டார் கிடையாது. தேக்கத்தை உயரத்தில் வைத்துவிட்டால் தண்ணீர் தானே அந்த உயரத்துக்கு ஏறும், நாம் பத்தாம் வகுப்பில் படித்ததுதான். அடியில் கடினப் பாறை, அதனால் ஜெய்சால்மர்போல நனைந்து வழுக்கும் பயமும் இல்லை.

வேறு பயம் இருக்கிறது. 2025 ஜூலை 11 அன்று பாரிஸ் கூட்டத்தில் யுனெஸ்கோ மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று வெளியே. அது நம் செஞ்சி! சந்தோஷம்தான். ஆனால் கூட்டம் வரும். இப்போதே கல்யாண மகாலின் சுவர்களைப் பாருங்கள், அம்பு துளைத்த இதயங்களும் பெயர்களும் ஆணியால் கீறப்பட்டிருக்கின்றன. கோட்டைக்குள் குடியிருப்போர் இல்லாததால் செஞ்சிக்கு ஒரு வசதி: விடுதிகளை உள்ளே விடாமலேயே இருக்கலாம். ஜெய்சால்மரில் அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அது அவர்கள் வீடு. பாட்டன் காலத்து வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறவரைப் போய் 'வெளியேறு' என்று எப்படிச் சொல்வது? அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரி, அண்ணனும் அண்ணியும்? செஞ்சிக்கே வருவதாக முடிவு. என் யோசனைகளைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். தை மாதம் சிறந்தது. மழை விட்டிருக்கும், குளங்களில் தண்ணீர் இருக்கும், பாறை சுடாது. (சித்திரையில் வந்தால் செருப்பைக் கழற்றிப் பாருங்கள், பாலைத்திணை புரியும்.) ராஜகிரிக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தீனியைப் பைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள், குரங்குகள் நவாப்பைவிடக் கறாராகக் கப்பம் வசூலிக்கும். மறுநாள் கிருஷ்ணகிரி. அது சின்னது, ஆனால் மேலேயிருக்கும் மண்டபத்திலிருந்து ராஜகிரியைப் பார்ப்பதுதான் செஞ்சியின் அழகே. சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், திண்டிவனத்தில் இறங்கினால் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் கோட்டையைப் பார்த்துவிட்டு, ராத்திரி தங்க 40 கிலோமீட்டர் தள்ளித் திருவண்ணாமலைக்கோ, இல்லாவிட்டால் புதுச்சேரிக்கோ போய்விடுகிறார்கள். பணமும் அங்கேயே போகிறது. செஞ்சிக்கு மிஞ்சுவது ஒரு டீயும் ஒரு தண்ணீர் பாட்டிலும், அந்தக் காலி பாட்டிலும்! பொன்னி நெல் மூட்டைகள் வந்து இறங்குகிற சந்தை ஊர் இது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பெரிய விடுதிகள் கிடையாது, சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. அண்ணனிடம் அதையும் சொல்லிவிட்டேன். ஒரு ராத்திரியாவது ஊருக்குள்ளேயே தங்குங்கள். விடியற்காலைப் பனியில் கிருஷ்ணகிரி மேல் வெயில் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.